ஒரே பிளக்கில் இரண்டு மெஷின்

ஜனவரி 12

அன்புள்ள வண்டுக்குப் பாட்டி எழுதுவது. இங்கே என் முழங்கால் நீங்கலாக எல்லோரும் நலம். அங்கே நீயும் என் தம்பியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

முதலில் நம் வீட்டுப் பெருமைகள். உன் பெரியப்பா மகன் விமான மெக்கானிக் பரீட்சையில் தேறிவிட்டான். இனி வானத்தில் எது ஆடினாலும் அவனைத்தான் கேட்க வேண்டும். அவன் தங்கை பல் டாக்டர் படிப்பில் மூன்றாம் வருடம் வந்துவிட்டாள். போன வாரம் என் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "பாட்டி, உனக்கு இருக்கிறதே பத்துப் பல்லு, அதுலயும் ரெண்டு கிளம்பத் தயாரா நிக்குது" என்றாள். எவ்வளவு அறிவு பார். உன் தம்பி நீளம் தாண்டுவதில் இரண்டாவதாக வந்தான். முதலில் வந்த பையனுக்குக் கால் இவனைவிட ஒரு முழம் நீளம். அதைக் கழித்துப் பார்த்தால் இவன்தான் முதல். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் வயிற்றில் இப்படி ஒரு வம்சமா என்று தெருவில் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல்.

நீ காது கேட்கும் மெஷின் விற்கும் கடையில் வேலை பார்ப்பதை, "என் பேத்தி காது டாக்டருக்கு அடுத்தபடி" என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆனாலும் கூடத்துச் சுவரில் மாட்டிய போட்டோக்களில் மற்ற பிள்ளைகள் எல்லாம் கோப்பையும் பட்டமுமாக நிற்கிறார்கள். நீ மட்டும் இன்னும் ரெட்டைப் பின்னலோடு, முன் பல் இல்லாமல் சிரிக்கிறாய்.

என் தம்பிக்கு என்ன வந்தது? நீ அவன் வீட்டு மாடிக்குக் குடிபோன நாளிலிருந்து உன் கடிதத்தின் கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இரண்டு வரி எழுதுவான். மழைக்காலத்துக்குப் பிறகு அந்த எறும்பைக் காணோம். கேட்டு எழுது. போனில் சொல்லாதே. நான் "ஹலோ" என்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள்.

அன்புடன்,
பாட்டி

ஜனவரி 29

அன்புள்ள பாட்டிக்கு வண்டின் வணக்கம். நாங்கள் இருவரும் சௌக்கியம். சின்னத் தாத்தா உன்னை முழங்காலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். அவருக்கு எழுதச் சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

சுவரில் மாட்ட எனக்கும் ஒன்று வருகிறது. சின்னத் தாத்தாவும் அவர் சிநேகிதர்களும் இளமையில் வாசித்தார்களே, அந்த நடன அரங்கைப் புதுப்பித்து ஜூன் மாதம் திறக்கிறார்கள். பழைய குழுக்கள் வந்து ஆளுக்கு ஒரு பாட்டு வாசிக்க வேண்டுமாம். டிரம்ஸ் அடித்தவர் இப்போது டயர் கடை வைத்திருக்கிறார், எனக்கு டயர் தாத்தா. பாடியவர் பாட்டுத் தாத்தா, இப்போதும் குளியலறையில் பாடுகிறாராம். நம் தாத்தா தன் இடத்தில் என்னை வாசிக்கச் சொல்லிவிட்டார். "நீ வாசி, நான் கேக்கறேன்" என்கிறார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார். நீயும் கேட்காதே.

நியூ வேவ் என்று அவர்கள் சொல்லும் அந்த இசையில் ஆர்ப்பெஜியோதான் உயிர். மூன்று நான்கு கட்டைகளை ஒரு கையால் சேர்த்து அழுத்திப் பிடித்தால் போதும். தாத்தா வாசித்த சிந்தசைசர், அதாவது அந்த மின்சாரக் கீபோர்டு, அவற்றைத் தனித்தனி ஸ்வரமாக உதிர்த்து, ஏணியில் ஏறி இறங்குவது போல ஓட்டிக்கொண்டே இருக்கும். பழைய சிந்தசைசர் பரணில் எலிக்குப் பிரசவ ஆஸ்பத்திரியாக இருக்கிறது. அதனால் என் புது சிந்தில் அதே ஓசையை வரவழைக்க வேண்டும். கையில் இருப்பது அவர்கள் வீட்டில் பதிவு செய்த ஒரு கேசட் மட்டும்.

டயர் தாத்தா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். மே மாதத்துக்குள் கண்ணை மூடிக் கேட்பாராம். எது கேசட், எது நான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டால் மேடையே வேண்டாம், அரங்கத்துக்கு இல்லை என்று சொல்லிவிடலாம் என்கிறார். "அரைகுறையா வாசிச்சு அந்தப் பாட்டைக் கேவலப்படுத்தக் கூடாது." எனக்கு இது வேண்டும், பாட்டி. ரொம்ப வேண்டும்.

உன்,
வண்டு

பிப்ரவரி 6

என் அருமை வண்டுக்கு ஆசீர்வாதம். முழங்கால் உன் கடிதத்தைப் படித்ததும் எழுந்து ஆடப் பார்த்தது, அடக்கிவிட்டேன்.

நீ மேடை ஏறப்போவதைப் பால் பாக்கெட் போடுகிறவர், பள்ளி வேன் ஓட்டுகிறவர், எதிர் வீட்டு நர்ஸ் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. "இன்னும் முடிவாகல அத்தை" என்று உன் அம்மா முனகினாள். என் பேத்தி விஷயத்தில் முடிவு பண்ணுவதற்கு டயர் யார்?

அந்தப் பாட்டு எனக்கு மறக்குமா? நானும் தம்பியும் அப்போது ஒற்றை அறையில் குடியிருந்தோம். ஒரு மூலையில் என் மோட்டார் தையல் மெஷின், மறு மூலையில் அந்த மூன்று பேர். சட்டைக் காலருக்கு நான் காய்ச்சி வைத்த கஞ்சியை எடுத்துத் தலையில் தடவி, முடியை ஆணி மாதிரி நிறுத்திக்கொள்வார்கள். கஞ்சி போடாத காலரோடு வாடிக்கைக்காரர்களிடம் நான் திட்டு வாங்குவேன். அறைக்கே ஒரே ஒரு பிளக். அதில் இரண்டாகப் பிரித்து அவன் மெஷினையும் என் மெஷினையும் சொருகி வைத்திருந்தோம். நான் மிதித்தால் பல்பு மங்கும், "அக்கா, காலை எடு" என்று தம்பி கத்துவான். "நான் காலை எடுத்தா நாளைக்கு சோத்துல கை வைக்க முடியாது, நீ கையை எடு" என்பேன். அப்படியே நாங்கள் மூன்று வருடம் குடித்தனம் பண்ணினோம்.

இப்போது ஏன் அவன் வாசிக்கவில்லை? நீ கேட்காதே என்றாய், கேட்கவில்லை. சும்மா எழுதினேன்.

போட்டோ எங்கே?

அன்புடன்,
பாட்டி

மார்ச் 4

அன்புள்ள பாட்டி, நலம்தானே? எனக்கு உடம்பு நலம், மனசு நலமில்லை.

எல்லாம் பொருந்திவிட்டது. வேகம் சரி. ஓசையின் கூர்மை சரி. சிந்தில் ஒவ்வொரு குமிழாகத் திருப்பி, காது மெஷின் சோதிக்கும் ஹெட்போனில் கேட்டுக் கேட்டு மில்லிமீட்டர் சுத்தமாகக் கொண்டுவந்தேன். டயர் தாத்தா வந்து கேட்டார். முதல் தடவையே கண்டுபிடித்துவிட்டார்.

"ரெண்டாவது நீ. சுத்தமா இருக்கு."

"அப்புறம் என்ன தாத்தா?"

"குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கிடத்தி வச்ச மாதிரி சுத்தமா இருக்கு."

குறை எது என்று தெரியும். கேசட்டில் அங்கங்கே ஓட்டம் லேசாகச் சுருதி இறங்குகிறது. யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு தொய்வு. பிறகு நிமிர்ந்துகொள்கிறது. சில தொய்வு சின்னது, சிலது நீளம். தாளத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய மெஷின்கள் சூடானால் சுருதி நழுவும், அதற்கென்றே புது சிந்தில் ஒரு குமிழ் உண்டு. அதைத் திருப்பினால் எங்கே பார்த்தாலும் தள்ளாடுகிறது, குடித்தவன் நடை மாதிரி. கேசட்டில் இருப்பது தள்ளாட்டம் இல்லை. ஏதோ ஒரு ஒழுங்கு இருக்கிறது, என்ன ஒழுங்கு என்றுதான் பிடிபடவில்லை. தாத்தாவைக் கேட்டால், "அது தானா வந்துச்சு" என்று சிரிக்கிறார்.

நீ கேட்ட போட்டோ இதோ. பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தது. சிந்துக்கு முன்னால் நான், பக்கத்தில் நீ தைத்த நீலச் சட்டையில் தாத்தா. பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு எப்படி ஒய்யாரமாக நிற்கிறார் பார்.

உன்,
வண்டு

ஏப்ரல் 2

அன்புள்ள பாட்டி, கடிதம் கண்ட மறுநாளே பதில் போடுகிறவள் நீ. ஒரு மாதமாக ஒன்றும் வரவில்லை. உனக்கு ஒன்றுமில்லை, வேலையாக இருக்கிறாய் என்று அம்மா போனில் சொல்கிறாள். வேலை என்ன வேலை? என்மேல் கோபமா?

கோபம் இருந்தாலும் இதைக் கேள். நேற்று உன் பிப்ரவரிக் கடிதத்தை, சும்மா ஏக்கத்தில், மறுபடி படித்தேன். நீ மிதித்தால் பல்பு மங்கும் என்று எழுதியிருந்தாய். பல்பு மங்கினால் அதே பிளக்கில் இருந்த சிந்தசைசருக்கும் மின்சாரம் குறைந்திருக்கும். குறைந்தால் சுருதி இறங்கியிருக்கும். ஓடிப்போய்த் தாத்தாவைக் கேட்டேன், அன்றைக்கு டேப் ரெக்கார்டர் எதில் ஓடியது என்று. "பேட்டரியில. பிளக்கில இடம் எங்க இருந்துச்சு?" என்றார். அப்படியானால் ரெக்கார்டர் தொய்யவில்லை, சிந்த் மட்டும்தான் தொய்ந்தது.

அந்தப் பெருமூச்சு நீதான், பாட்டி. நாற்பது வருடமாகக் கேசட்டில் நீ தைத்துக்கொண்டிருக்கிறாய்.

என் சிந்தில் கால் பெடல் ஒன்றை மாட்டிவிட்டேன். மிதித்தால் சுருதி லேசாக இறங்கும். ஆனால் எப்போது மிதிப்பது? அன்று நீ தைத்தது தலையணை உறை என்றார் தாத்தா. நாலு நேர்த் தையல் போல மிதித்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. உண்மையில் என்ன தைத்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

பதில் போடு. திட்டியாவது போடு.

உன்,
வண்டு

ஏப்ரல் 10

என் வண்டுக்குப் பாட்டி எழுதுவது. உன்மேல் எனக்கென்ன கோபம். கொஞ்ச நாள் எழுத வரவில்லை, அவ்வளவுதான். இப்போது வருகிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் தம்பி அப்போதே எனக்கென்று ஒரு பிரதி பதிந்து கொடுத்து, டிரங்குப் பெட்டியில் கிடந்த கேசட்டை எடுத்தேன். கேசட் போடும் மெஷின் இந்தத் தெருவிலேயே பள்ளி வேனில்தான் இருக்கிறது. வேன்காரர் கதவைத் திறந்து சத்தமாகப் போட்டார். நான் முன் சீட்டில், உன் அம்மா பின்னால், நர்ஸ் வாசலில். நான் கண்ணை மூடிக் கேட்டேன். நீ சொன்ன தொய்வு வந்தபோதெல்லாம் என் வலது கால் தானாக அழுந்தியது. உன் அம்மா, "அத்தை, பிரேக்குல கால் வைக்காதீங்க" என்றாள். அது பிரேக் இல்லை, தரைதான்.

தலையணை உறையாவது மண்ணாவது. ஆம்பளைக்கு அவ்வளவுதான் தெரியும். அது சட்டை. முதலில் இரண்டு குட்டித் தொய்வு, அவை தோள்கள். அப்புறம் மிதி, நிறுத்து, மிதி, நிறுத்து என்று வருகிறதே, அது காலர். காலர் முனையில் நின்று துணியைத் திருப்பித்தான் போக வேண்டும். பிறகு நடுத்தரமாக இரண்டு, சட்டைக் கைகளை உடம்போடு சேர்த்துத் தைப்பது. கடைசியில் மூச்சுப் பிடித்து இரண்டு நீளம், கை நுனியிலிருந்து அக்குள் வழியாகக் கீழ்வரை. கூர்க் காலர் வைத்த பச்சைச் சட்டை, டிரம்ஸ்காரனுக்கு. அவனும் அன்று அங்கேயேதான் இருந்தான். என் கடைசித் தையல் ஓடி முடிந்ததும் இவர்கள் பாட்டு முடிந்ததும் ஒன்றாகத்தான் இருந்தது.

பார்சலில் தம்பிக்கு மூன்று சட்டை வைத்திருக்கிறேன். வெயில் வருகிறது, அதனால் அரைக்கை. பட்டன் வேண்டாம் என்று அழுத்தும் பித்தான் வைத்திருக்கிறேன். ஒரு விரலால் தட்டினால் மூடிக்கொள்ளும். இந்தக் காலத்தில் அதுதான் நாகரிகம்.

இன்னொன்று. ஒரு கையால் கட்டைகளை அழுத்திப் பிடித்தால் போதும், மீதியை மெஷின் ஓட்டும் என்று ஜனவரியில் நீதானே எழுதினாய். ஒரு கை என்றால் எந்தக் கை என்று நீ எழுதவில்லை. எந்தக் கையானாலும் ஆகும்தானே? சும்மா கேட்டேன்.

அன்புடன்,
பாட்டி

மே 11

அன்புள்ள பாட்டிக்கு, உன் சட்டைகள் நலம், நாங்களும் நலம். இது பெரிய கடிதம், உட்கார்ந்து படி.

நீ சொன்னபடி சட்டை தைத்தேன், காலால். முதலில் காலரில் இடறினேன். டயர் தாத்தாவுக்குப் போன் போட்டு, பச்சைச் சட்டை இருக்கிறதா என்று கேட்டேன். போனை அப்படியே வைத்துவிட்டார். பிறகு அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார். அதை மேஜையில் விரித்து, கேசட்டை ஓடவிட்டு, அது தொய்யத் தொய்ய விரலைத் தையல்மேல் ஓட்டினேன். தோள், காலர், கை, பக்கம். பக்கத் தையல் முடிந்த இடத்தில் பாட்டும் முடிந்தது. கூடவே வந்திருந்த பாட்டுத் தாத்தா மூக்கைச் சிந்தினார்.

அப்புறம் சோதனை. டயர் தாத்தா கண்ணை மூடிக்கொண்டார். கேசட் ஒன்று, நான் ஒன்று.

"ரெண்டாவது கேசட்டு."

"நிச்சயமா?"

"பின்ன? அக்கா தைக்கிறாங்களே, காது கேக்கல?"

இரண்டாவது நான்தான், பாட்டி. கண்ணைத் திறந்து பார்த்து, "போச்சு, இந்த வயசுல நான் மேடை ஏறணுமா" என்றார். பச்சைச் சட்டையைப் போட்டுப் பார்த்தார். முதுகு நுழைந்தது. வயிறு, இன்னொரு சட்டை தைத்தால்தான் நுழையும்.

இப்போது மற்றது. பார்சலைப் பிரித்ததும் தாத்தா அரைக்கைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு பித்தானைத் தட்டினார், திறந்தார், மறுபடி தட்டினார். "அக்காவுக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார். மழைக்காலத்தில் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் நடையும் திரும்பிவிட்டன, வலது கை மட்டும் இன்னும் திரும்பவில்லை. பயிற்சி செய்கிறார், மெதுவாக வருகிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நீ முழங்காலோடு பஸ் ஏறி வந்து அழுவாயாம்.

எப்படித் தெரிந்தது உனக்கு? போட்டோவில் கையைப் பாக்கெட்டில்தானே ஒளித்தோம்.

உன் 'எந்தக் கை' கேள்வியைத் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். "எல்லாரும் பாவப்படுவாங்க" என்றார். சிந்த் பக்கம் இன்னும் வரவில்லை.

உன்,
வண்டு

மே 18

வண்டுக்கும் தம்பிக்கும் சேர்த்து எழுதுவது. இரண்டு பேரும் நலமாக இருங்கள், அப்போதுதான் திட்டுவது ஒட்டும்.

பாக்கெட்டில் எதை வேண்டுமானாலும் ஒளிக்கலாம், சட்டையைத் தைத்தவளிடம் ஒளிக்க முடியுமா? தம்பி எப்போதும் இரண்டு கையையும் முழங்கைவரை மடித்து விடுவான். போட்டோவில் வலது கைச் சட்டை அழகாக மடிந்திருக்கிறது. அதை மடித்தது இடது கை. இடது கைச் சட்டை பட்டன்கூடப் போடாமல் தொங்குகிறது. அதை மடிக்க வேண்டியது வலது கை. அதற்குமேல் எனக்கு யாரும் சொல்ல வேண்டுமா?

பார்த்த அன்று அழுதேன். மறுநாளும் அழுதேன். அப்புறம் அழுது என்ன தைக்க முடியும் என்று துணியை எடுத்தேன்.

தம்பி, பாவப்படுகிறவர்கள் படட்டும். கஞ்சித் தலையோடு நீ தெருவில் போனபோது படாத பாவமா? அன்று வெட்கப்படாதவன் இன்று எதற்கு வெட்கப்படுகிறாய்? நான் காலை எடுக்கவில்லை, நீ கையை எடுக்காதே.

இப்படிக்கு,
உன் அக்கா, அவள் பாட்டி

ஜூன் 23

அன்புள்ள பாட்டிக்கு வெற்றி வணக்கம்.

அரங்கம் நிறைந்து, கதவுக்கு வெளியிலும் ஆட்கள். எங்களுக்கு முன்னால் வாசித்த குழுவில் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்து, அவர் தேடி முடிக்கும்வரை டிரம்ஸ் மட்டும் ஓடியது. பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். மேடையில் சிந்துக்குப் பின்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் நான். இன்னொன்றில் யார் என்று உனக்குத் தெரியும்.

மேடைக்கு ஏறும்வரை, "சும்மா பக்கத்துல உக்காரேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். டயர் தாத்தா குச்சியைத் தட்டி நாலு எண்ணினார். நான் கட்டைமேல் கை வைக்கப் போனபோது அங்கே ஏற்கெனவே ஒரு இடது கை இருந்தது. அழுத்திப் பிடித்தார். ஓட்டம் கிளம்பியது. எனக்கு மிச்சம் இருந்தது பெடல்தான். அவர் பிடிக்க, நான் தைத்தேன். காலர் வந்தபோது என் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "முனை, முனை, பாத்துத் திருப்பு" என்றார். நாற்பது வருடமாக அது தானாக வந்தது என்று சொன்ன மனிதர்.

முன்னால் வயதானவர்கள் எல்லாம் முழங்காலை மறந்து ஆடினார்கள். யாரும் பாவப்படவில்லை, பாட்டி. ஒருவருக்கும் நேரமில்லை.

இதற்குக் கீழே இருப்பதை நான் எழுதவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று, உதவி வேண்டாம் என்றுவிட்டார்.

உன்,
வண்டு

*அக்கா சட்டை சரியா இருக்கு.*
*காலை எடுக்காதே.*

ஜூலை 1

என் வண்டுக்கும் என் தம்பிக்கும் ஆசீர்வாதம். இங்கே முழங்கால் உட்பட எல்லோரும் நலம்.

அரங்கத்திலிருந்து நீ போன் போட்டுப் பாட்டைக் கேட்கவைத்த அன்று, உன் அம்மா போனை என்னிடமிருந்து பிடுங்காமல், ஸ்பீக்கரில் போட்டு ஸ்டூல்மேல் வைத்தாள். அதை முதலில் எழுத வேண்டும், நல்லது செய்தால் சொல்லிவிட வேண்டும். கூடத்தில் பால்காரர், வேன்காரர், நர்ஸ். பாட்டு ஆரம்பித்ததும் நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலால் தைத்தேன். நீ கடைசிப் பக்கத் தையலில் என்னைவிடக் கொஞ்சம் முந்திவிட்டாய். பரவாயில்லை, இளம் கால்.

தம்பியின் இரண்டு வரியைத் தெரு முழுக்கக் காட்டினேன். இந்த முறை எறும்பு இல்லை, ஒவ்வொரு எழுத்தும் யானை. நடந்து வந்த யானை. பல் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "சின்னத் தாத்தா நல்லா தேறிட்டாரு பாட்டி" என்றாள். உன் தம்பி அரங்கத்தில் எத்தனை பேர் என்று கேட்டு, பள்ளியில் அதை இரண்டு மடங்காக்கிச் சொல்லியிருக்கிறான். விமானக்காரன் உன் சிந்த் என்ன மாடல் என்று கேட்கிறான், பழுதானால் அவன் பார்ப்பானாம். டிரம்ஸ்காரனுக்குப் பச்சைத் துணி வாங்கிவிட்டேன். வயிற்று அளவைக் கூச்சப்படாமல் எழுதச் சொல்.

சுவரில் உன் ரெட்டைப் பின்னலைக் கழற்றியாயிற்று. அந்த இடம் இப்போது வெறும் ஆணியோடு என்னைப் பார்க்கிறது. அதனால் தாமதிக்காமல் ஒரு புதுப் போட்டோ எடுத்துத் தபாலில் போடு. நீயும் அவனும் அந்த மெஷினுக்கு முன்னால், அரைக்கைச் சட்டையில், நாலு கையும் மேஜைமேல் தெரிகிற மாதிரி.